கனடாவின் பண்டிகை ரயில் நாணயம்: வாங்கும் முறையும் பேணும் முறையும்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதக் கடைசியில் மொன்றியால் பகுதியிலிருந்து புறப்பட்டு, கனடாவின் குறுக்கே பிரிட்டிஷ் கொலம்பியா வரை ஊர் ஊராக நின்று செல்லும் ரயில் ஒன்று உண்டு. ஏறத்தாழ 1,000 அடி நீளமுள்ள அந்த ரயிலின் பெட்டிகள்மேல் லட்சக்கணக்கான எல்இடி விளக்குகள் எரியும். சரக்குப் பெட்டி ஒன்றின் பக்கச் சுவர் திறந்து மேடையாக விரியும். பாடகர்கள் அரை மணி நேர அளவில் இலவச இசை நிகழ்ச்சி நடத்துவார்கள். பார்க்க வருவோர் கெட்டுப்போகாத உணவுப் பொருளையோ பணத்தையோ நன்கொடையாகக் கொண்டுவருவார்கள். கனடியன் பசிபிக் ரயில்வே நிறுவனம் 1999இல் தொடங்கிய ஹாலிடே டிரெயின் இது. அந்த நிறுவனம் 2023 ஏப்ரலில் கேன்சஸ் சிட்டி சதர்ன் நிறுவனத்துடன் இணைந்து சிபிகேசி என்று பெயர் மாறிய பின்னும் ரயில் நிற்கவில்லை. இரண்டாவது ரயில் ஒன்று அமெரிக்க மாநிலங்கள் வழியாகவும் ஓடுகிறது.

இந்த ரயிலைக் கொண்டாடி, கனடாவின் அரசு நாணயச்சாலை வெளியிட்ட சேகரிப்பு நாணயத்தை வாங்க விரும்புவோர் எதைப் பார்த்து வாங்க வேண்டும், கையில் வந்ததும் எப்படிச் சோதிக்க வேண்டும், பல ஆண்டுகள் கெடாமல் எப்படி வைத்திருக்க வேண்டும் என்பவற்றை இங்கே விளக்குகிறேன். டொராண்டோ, மொன்றியால் வட்டாரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பலர் பிள்ளைகளுக்குப் பரிசாக நாணயம் வாங்குவதால், சேகரிப்பில் முன்பழக்கம் இல்லாதவரையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் ரயிலை அறிந்துகொள்ளுங்கள்

எந்த நினைவு நாணயத்துக்கும் உலோகத்தின் விலை ஒரு பகுதி, அது குறிக்கும் நிகழ்வின் மீது மக்களுக்குள்ள பற்று மற்றொரு பகுதி. இந்த நாணயத்தைப் பொறுத்தவரை இரண்டாவது பகுதிதான் கனமானது. ஆகவே ரயிலின் செயல்பாட்டை அறியாமல் நாணயத்தை மதிப்பிட முடியாது.

ரயில் நிற்கும் ஒவ்வோர் ஊரிலும் அந்த ஊரின் உணவு வங்கி பங்கேற்கிறது. அங்கே திரளும் உணவும் பணமும் அந்த ஊரிலேயே தங்கிவிடுகின்றன. தலைநகருக்கோ நிறுவனத்தின் தலைமையகமான கால்கரிக்கோ போவதில்லை. இந்த ஏற்பாடுதான் சிறு ஊர்களில்கூட மக்கள் கடுங்குளிரில் தண்டவாளத்தின் அருகே திரண்டு நிற்பதற்குக் காரணம் என்று நான் கருதுகிறேன். தாம் கொடுக்கும் பருப்பு டின் தம் தெருவிலுள்ள ஒரு வீட்டுக்கே போய்ச் சேரும் என்பது அவர்களுக்குத் தெரியும். தொடங்கியதிலிருந்து இதுவரை 2 கோடி டாலருக்கு மேற்பட்ட பணமும் 50 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட உணவும் இந்த ரயிலால் திரண்டிருக்கின்றன. கொரோனா காலத்தில், 2020இலும் 2021இலும் ரயில் ஓடவில்லை. இசை நிகழ்ச்சி இணையவழியில் நடந்தது, 2022இல் ரயில் மீண்டும் புறப்பட்டது. கனடா முழுவதும் 2024 மார்ச் மாதத்தில் மட்டும் உணவு வங்கிகளை நாடி மக்கள் வந்த தடவைகள் 20 லட்சத்தைத் தாண்டின என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த ரயிலின் தேவை எவ்வளவு என்பது விளங்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நாணயத்தை வாங்குவது ஒரு செயல். நன்கொடை கொடுப்பது வேறொரு செயல். விற்பனையில் ஒரு பங்கு உணவு வங்கிகளுக்குச் செல்லும் என்று நாணயச்சாலையின் அறிவிப்பிலேயே எழுத்தில் இருந்தாலொழிய, நாணயத்துக்குக் கொடுத்த பணம் நாணயத்துக்கே என்று கொள்ளுங்கள். மறுவிற்பனையாளரிடம் வாங்கினால் அந்தப் பணத்தில் எதுவும் உணவு வங்கியை அடையாது. ஆகவே செலவைத் திட்டமிடும்போதே நாணயத்துக்கு ஒரு தொகை, உணவு வங்கிக்கு ஒரு தொகை என்று பிரித்து வைப்பது நேர்மையான முறை. உணவு வங்கிகள் மொத்த விலையில் வாங்கக்கூடியவை என்பதால், பணமாகக் கொடுப்பது பெரும்பாலும் பொருளாகக் கொடுப்பதைவிட அதிக உணவாக மாறும்.

எந்த நாணயம் என்பதை உறுதி செய்தல்

ராயல் கனடியன் மின்ட் எனப்படும் அரசு நாணயச்சாலை ஒட்டாவாவில் 1908இல் திறக்கப்பட்டது. புழக்கத்துக்கான காசுகள் 1976இல் திறந்த வினிபெக் ஆலையில் அச்சாகின்றன; சேகரிப்பு நாணயங்கள் ஒட்டாவாவில் உருவாகின்றன. கிறிஸ்துமஸ் காலத்துக்கென இந்த நாணயச்சாலை வெளியிட்ட நாணயங்கள் ஏராளம், அவற்றில் ரயில் படம் உள்ளவையும் ஒன்றுக்கு மேற்பட்டவை. உதாரணமாக 2009இல் வெளிவந்த 50 சென்ட் நாணயம், சாய்த்துப் பார்த்தால் படம் மாறும் வகையைச் சேர்ந்தது. அதில் இருப்பது பொம்மை ரயில், அறக்கொடை ரயில் அன்று. மேலும் 2008 முதல் 2011 வரை ராயல் ஹட்சன், ஜூபிலி, செல்கர்க், டி-10 ஆகிய நீராவி எஞ்சின்களுக்கு ஆண்டுக்கு ஒன்றாக 20 டாலர் முகமதிப்புள்ள வெள்ளி நாணயங்கள் வெளிவந்தன. அவை நான்கும் கனடியன் பசிபிக்கின் எஞ்சின்களே என்பதால், விளம்பரங்களில் ‘கனடியன் பசிபிக் ரயில் நாணயம்’ என்ற பொதுப் பெயரின்கீழ் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுவது எளிது. தனித்தனியே அவை அழகான நாணயங்கள்தாம். பண்டிகை ரயில் நாணயத்தின் பக்கத்தில் வைத்தால் பொருத்தமாகவும் இருக்கும். ஆனால் ஒன்றை எண்ணி மற்றொன்றை வாங்கிவிடக் கூடாது.

ஆகவே விற்பவரிடம் ஏழு விவரங்களைக் கேட்டுப் பெறுங்கள்: ஆண்டு, முகமதிப்பு, உலோகம், அதன் தூய்மை, எடை, விட்டம், அச்சிடும் எண்ணிக்கையின் வரம்பு. இந்த விவரங்களை நாணயச்சாலை தன் வெளியீட்டு அறிவிப்பிலும், பெரும்பாலும் நாணயத்துடன் வரும் சான்றிதழிலும் தருகிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் பணம் அனுப்ப வேண்டாம். ‘வரம்பு’ என்பது அதிகபட்ச எண்ணிக்கை மட்டுமே. உண்மையில் விற்ற எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

முன்பக்கத்திலுள்ள மன்னர் உருவமும் ஒரு நல்ல சோதனை. இரண்டாம் எலிசபெத் அரசியின் உருவமாக 2003 முதல் இருந்தது சூசன்னா பிளண்ட் வரைந்தது. அரசி 2022 செப்டம்பரில் மறைந்த பின், 2023ஆம் ஆண்டிட்ட சேகரிப்பு நாணயங்களில் அதே உருவத்துடன் 1952, 2022 என்ற ஆண்டுகளும் நான்கு முத்துகளும் சேர்க்கப்பட்டன. ஸ்டீவன் ரொசாட்டி வரைந்த மூன்றாம் சார்லஸ் மன்னரின் உருவம் 2023 நவம்பரில் அறிமுகமானது. நாணயத்தின் ஆண்டும் உருவமும் பொருந்தாத படத்தை ஒரு விற்பனையாளர் காட்டினால், அது வேறொரு நாணயத்தின் படமாகவாவது இருக்கும், போலியாகவாவது இருக்கும். இரண்டில் எதுவாயினும் விலகிவிடுவதே நல்லது.

விலையைப் பிரித்துப் பார்த்தல்

வெள்ளியாலான சேகரிப்பு நாணயங்களைக் கனடிய நாணயச்சாலை பெரும்பாலும் 99.99 சதவீதத் தூய்மையில் தருகிறது. விலையுயர்ந்த உலோகங்களுக்கான ட்ராய் அவுன்ஸ் என்பது 31.1 கிராம், சமையலறை அவுன்ஸைவிட அது கனமானது. முதலில் நாணயத்தின் வெள்ளி எடையை அன்றைய சந்தை விலையால் பெருக்குங்கள். கணக்குக்காக, ஓர் அவுன்ஸ் வெள்ளி 50 டாலர் என்றும் ஓர் அவுன்ஸ் நாணயத்தை 130 டாலருக்குத் தருகிறார்கள் என்றும் வைத்துக்கொண்டால், மீதி 80 டாலர் வடிவமைப்பு, வண்ண வேலை, பேழை, அரிதான தன்மை ஆகியவற்றுக்கு நீங்கள் கொடுப்பது. அந்த 80 டாலர் உங்களுக்கு ஏற்புடையதா என்பதே உண்மையான கேள்வி. வெள்ளி விலை உயர்ந்தாலும் அந்தப் பகுதி தானாக உயர்ந்துவிடாது.

முதலீடாக இதை வாங்க நினைப்போரிடம் நான் வேண்டாம் என்றே சொல்வேன். அண்மைக்கால நினைவு நாணயங்களில் பெரும்பாலானவை மறுவிற்பனையில் வெளியீட்டு விலையைக்கூடத் தொடுவதில்லை. வெள்ளிதான் வேண்டும் என்றால், 1988 முதல் வெளிவரும் மேப்பிள் இலை வெள்ளி நாணயம் உலோக விலைக்கு மிக அருகிலேயே கிடைக்கும். பண்டிகை ரயில் நாணயத்துக்கு ஒரு தனிப் பலம் இருப்பதையும் மறுக்க முடியாது: நாணயம் சேர்ப்போர், ரயில் ஆர்வலர் ஆகிய இரு கூட்டத்தாரும் அதைத் தேடுகிறார்கள். ஆனாலும் அந்த ரயிலைத் தம் ஊரில் பார்த்து, அதற்காக உணவுப் பொருள் சுமந்து சென்றவருக்குத்தான் இந்த நாணயம் கொடுத்த விலைக்கு நிறைவு தரும்.

முகமதிப்பைப் பற்றியும் ஒரு சொல். இது சட்டப்படி செல்லத்தக்க நாணயம்தான். ஆனால் புழக்கத்துக்கு உரியதன்று. 10 டாலருக்கு மேற்பட்ட முகமதிப்புள்ள நாணயங்களைப் பொறுத்தவரை, ஒரு கொடுப்பனவில் ஒன்றை மட்டுமே சட்டப்படி செலுத்தலாம் என்று கனடியப் பணச் சட்டம் வரையறுக்கிறது. நடைமுறையில் கடைகள் இத்தகைய நாணயங்களை வாங்கத் தயங்குகின்றன. முகமதிப்பை விலையின் பாதுகாப்பாக எண்ணி வாங்க வேண்டாம்.

எங்கே வாங்குவது

விற்பனை தொடங்கும்போது நாணயச்சாலையிடமே வாங்குவது எளிது. இணையத்திலும், ஒட்டாவாவிலும் வினிபெக்கிலும் உள்ள அதன் விற்பனையகங்களிலும் வாங்கலாம். சில வெளியீடுகள் கனடா போஸ்ட் அஞ்சலகங்களிலும் கிடைக்கின்றன. தீர்ந்துபோன வெளியீட்டுக்கு, கனடிய நாணய வணிகர்கள் சங்கத்தில் உறுப்பினரான வணிகரை நாடுங்கள். ராயல் கனடியன் நாணயவியல் சங்கமும் உள்ளூர் நாணயக் கழகங்களும் நடத்தும் கண்காட்சிகளில் நாணயத்தை நேரில் பார்த்து வாங்க முடியும். விற்றுத் தீர்ந்தவுடன் முதல் சில வாரங்களில் மறுவிற்பனை விலை துள்ளும். பரபரப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தால் அதே நாணயம் நியாயமான விலையில் வருவதைப் பலமுறை காணலாம்.

பார்சலைத் திறக்கும் முன் பொறுங்கள்

இந்த நாணயம் இயல்பாகவே குளிர்காலத்தில் கைமாறுவது. பூஜ்யத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரில் வாசலில் கிடந்த பார்சலை வெதுவெதுப்பான வீட்டுக்குள் கொண்டுவந்த உடனே பிரித்தால், குளிர்ந்த உலோகத்தின்மேலும், நாணயத்தை மூடியிருக்கும் கேப்சூல் என்னும் தெளிந்த பிளாஸ்டிக் கூட்டின்மேலும் அறைக்காற்றின் ஈரம் படியும். உறைக்குள் புகுந்த அந்த ஈரம் பின்னாளில் கறையாகத் தோன்றலாம். பார்சலைப் பிரிக்காமல் சில மணி நேரம், இயன்றால் ஓர் இரவு, அறையிலேயே வைத்து அறை வெப்பத்துக்கு வந்தபின் திறப்பதே முறை.

திறந்ததும் முதலில் படமெடுங்கள்: வெளிப்பெட்டி, பேழை, சான்றிதழ், நாணயத்தின் இருபுறம். குறை ஏதேனும் இருந்தால் மாற்றிக் கேட்க இந்தப் படங்கள் உதவும். பின்னர், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கொண்டு, கேப்சூலைத் திறக்காமலே பாருங்கள். ப்ரூஃப் எனப்படும் உயர்தர அச்சில் பின்புலம் கண்ணாடிபோல் மின்னும். எஞ்சின், பெட்டிகள், பனி, மனிதர் ஆகிய உருவங்கள் பனிப்பூச்சுப் போல மங்கலான வெண்மையில் நிற்கும். இந்த இரண்டுக்கும் இடையிலான எல்லைக்கோடு கூர்மையாக இருக்க வேண்டும். வண்ணம் தீட்டிய நாணயமாயின், விளக்குகளின் நிறம் பொறிப்பின் விளிம்பை மீறி வழியாமல் அதனதன் இடத்தில் உள்ளதா என்று கவனியுங்கள். மயிரிழை போன்ற மெல்லிய கீறல்கள் ஒரே திசையில் ஓடினால் யாரோ துடைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

எடை போடுவதானால் 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். நாணயச்சாலையின் ஓர் அவுன்ஸ் நாணயங்கள் 31.1 கிராமைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருப்பது வழக்கம், ஆகவே கூடுதல் எடையைக் கண்டு சந்தேகிக்க வேண்டாம். சான்றிதழில் உள்ள எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். வெள்ளி காந்தத்தில் ஒட்டாது: வலிமையான சிறு காந்தத்தை கேப்சூலின் அருகே கொண்டுசென்றாலே இரும்பு கலந்த போலி அசைந்துவிடும். சான்றிதழ் இருப்பது மட்டும் உண்மைத்தன்மைக்கு ஆதாரமாகாது. தாளை அச்சிடுவது நாணயத்தை அச்சிடுவதைவிட எளிது. ஆனால் இத்தகைய வண்ண நினைவு நாணயத்தில் அஞ்ச வேண்டியது போலியைவிட, பேழை ஒன்றாகவும் நாணயம் வேறொன்றாகவும் மாறியிருப்பதையும், கேப்சூலைத் திறந்து கையாண்டு மறுபடி மூடியிருப்பதையும்தான்.

பேணுதல்

கேப்சூலைத் திறக்காமல் இருப்பதே முதல் விதி. திறந்தே ஆக வேண்டும் என்றால், மேசையில் மென்மையான துணியை விரித்து, கையுறை அணிந்து, விளிம்பை மட்டும் இரு விரல்களால் பற்றுங்கள். நாணயத்தின் மேல் குனிந்து பேச வேண்டாம். பேசும்போது தெறிக்கும் எச்சில் துளி நாளடைவில் கருப்புப் புள்ளியாகும்.

நம் வீடுகளில் வெள்ளிக் குத்துவிளக்கையும் பூசைப் பாத்திரத்தையும் விபூதியாலோ பல்பொடியாலோ தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கம் உண்டு. அந்தப் பழக்கத்தை நாணயத்திடம் கொண்டுவரவே கூடாது. ப்ரூஃப் பரப்பு ஒருமுறை தேய்க்கப்பட்டாலும் அதன் கண்ணாடித் தன்மை திரும்பாது. சேகரிப்பாளர் கண்ணில் அது வெறும் வெள்ளித் துண்டின் விலைக்கு இறங்கிவிடும். பிசுக்கை நீக்கத் தூய அசிட்டோனில் நனைப்பது சாதாரண வெள்ளி நாணயங்களுக்கு நாணயக்காரர்கள் செய்யும் வழக்கமான முறைதான்; ஆனால் வண்ணம் தீட்டிய நாணயத்தில் அசிட்டோன் வண்ணத்தையே கரைத்துவிடும். பண்டிகை ரயில் நாணயத்தில் விளக்குகளின் வண்ணம்தான் உயிர். அதைச் சுத்தம் செய்யும் எண்ணமே வேண்டாம்.

கனடிய வெள்ளி நாணயங்களில் சில காலத்துக்குப் பின் பால் தெறித்தாற்போல் வெண்புள்ளிகள் தோன்றுவது சேகரிப்பாளர்களின் பழைய மனக்குறை. அதைக் குறைக்க மின்ட்ஷீல்ட் என்னும் தொழில்நுட்பத்தை நாணயச்சாலை 2018இல் மேப்பிள் இலை வெள்ளி நாணயங்களில் அறிமுகப்படுத்தியது. உங்கள் நாணயத்தில் புள்ளி தோன்றினால், அதைப் போக்க வீட்டு மருந்து எதையும் முயலாமல் அப்படியே விட்டுவிடுவதே குறைந்த சேதம்.

எதில் வைப்பது என்பதும் அதே அளவு முக்கியம். மலிவான மென்பிளாஸ்டிக் உறைகளில் பிவிசி கலந்திருக்கும்; அதிலிருந்து கசியும் பொருள் நாணயத்தின்மேல் பச்சை நிறப் பிசுக்காகப் படிந்து உலோகத்தை அரிக்கும். அக்ரிலிக் கேப்சூலும், மைலார் என்னும் பாலியெஸ்டர் படலத்தாலான உறையும் பாதுகாப்பானவை. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். ரப்பர் பட்டை, கம்பளித் துணி, சாதாரண அட்டைப்பெட்டி, சிலவகை மரப்பேழை ஆகியவற்றிலிருந்து அது வரக்கூடும். கனடிய வீடுகளின் நிலவறை கோடையில் ஈரம் கோக்கும் இடம், ஆதலால் அங்கே வைக்க வேண்டாம். படுக்கையறை அலமாரியில், காற்றுப்புகாத டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்து, அந்தப் பொட்டலத்தை அவ்வப்போது மாற்றினால் போதும். நேரடி வெயில் படும் இடத்தில் காட்சிக்கு வைத்தால் வண்ணம் வெளுக்கும்.

நாணயத்தோடு சேர்த்து வைக்கத்தக்கவை வேறு சில உண்டு: விற்பனைச் சீட்டு, சான்றிதழ், அந்த ஆண்டு ரயில் நின்ற ஊர்களின் நேர அட்டவணை, உங்கள் ஊரில் நீங்கள் எடுத்த படம், உணவு வங்கி தந்த ரசீது. தாள்களை நாணயத்தின் டப்பாவுக்குள் போடாமல், அமிலமற்ற உறையில் தனியே வைத்துக்கொள்ளுங்கள். வருங்காலத்தில் இந்த நாணயத்தைக் கையில் எடுக்கும் பேரப்பிள்ளைக்கு அது எதைக் குறித்தது என்பதைச் சொல்லக்கூடியவை இந்தத் தாள்கள்தாம்.

தரச்சான்று வாங்க வேண்டுமா

அமெரிக்காவின் பிசிஜிஎஸ், என்ஜிசி, கனடாவின் ஐசிசிஎஸ் போன்ற நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து, 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவில் மதிப்பெண் தருகின்றன. நாணயச்சாலையிலிருந்து நேரே வந்த நாணயம் 69 அல்லது 70 பெறுவது அரிதன்று. ஆகவே 69க்காகக் கட்டணமும் அஞ்சல் செலவும் காப்பீடும் செலுத்துவது பெரும்பாலும் நட்டம். மேலும், பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் போன நாணயம் தன் பேழையிலிருந்து நிரந்தரமாகப் பிரிந்துவிடும். பரிசுக்காகவும் நினைவுக்காகவும் வாங்குவோருக்கு மூலப் பேழையே மேல்.

விற்க நேர்ந்தால், இணையத்தில் பிறர் கேட்கும் விலையைப் பார்க்காமல், உண்மையில் விற்று முடிந்த விலைகளைப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பெரும் இடைவெளி இருக்கும். ரயில் ஓடும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் தேடுவோர் கூடுவர் என்பதால், அக்டோபர் கடைசியில் பட்டியலிடுவது பொருத்தம். பேழையும் சான்றிதழும் உடனிருந்தால் வாங்குபவர் தயங்காமல் விலை பேசுவார். வைத்திருப்பதே நோக்கமானால், வீட்டுக் காப்பீட்டில் நாணயங்களுக்கான தொகை வழக்கமாகச் சிறிய வரம்புக்குள்தான் அடங்கும் என்பதை நினைவில் கொண்டு, தொகுப்பு வளர வளரக் காப்பீட்டு முகவரிடம் தனிச் சேர்க்கை பற்றிக் கேளுங்கள். அப்போது முதல் நாளில் எடுத்த படங்களும் விற்பனைச் சீட்டும் மதிப்புக்குச் சான்றாகும்.